சுவர் காயட்டும்

இருபது நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டேன். பதினைந்து லிட்டர் கீசர், தொட்டித் தண்ணீர் ஐப்பசி மழையில் சில்லென்று இருக்கிறது, சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்து அது தானாக அணைகிற வரைக்கும் நான் இந்தக் குளியலறை வாசலை விட்டு நகரக்கூடாது. அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்கண்ணா, டீ வைக்கட்டுங்களா" என்றாள். வேண்டாம் என்றேன். வைக்கத்தான் போயிருக்கிறாள், அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்கிறது. ஹேமலதா. கம்பெனி அனுப்பிய தாளில் அப்படித்தான் இருக்கிறது: ஹேமலதா, வடவள்ளி, இரண்டாம் மாடி, படுக்கையறைச் சுவரில் ஓதம், கீசர் பைப் கசிகிறதா என்று பார்க்கவும். தாளில் இல்லாத ஒன்று அந்தப் படுக்கையறையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அவள் புருஷன் இருமுகிறான். மூன்று இருமல், ஒரு இடைவெளி, அப்புறம் வெளியே விடாமல் வாய்க்குள்ளேயே அமுக்கிய நாலாவது ஒன்று. அந்த நாலாவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிங்கிரி, நீ கீசரைப் பார். ஊரான் இருமல் உனக்கு எதற்கு? கீசரைப் பார், பைப்பைப் பார், சுவரைப் பார், கையெழுத்து வாங்கு, வண்டியை எடு. ஷீபா மேடம் போன வாரம் எதிரே உட்காரவைத்து என்ன சொன்னாள், அதற்குள் மறந்துவிட்டதா? "வெள்ளிங்கிரி அண்ணா, நீங்க சுவரைப் பாக்கப் போறீங்களா, நெஞ்சைப் பாக்கப் போறீங்களா? இது மூணாவது கம்ப்ளைண்ட். இன்னொண்ணு வந்துச்சுன்னா உங்களை வீடுகளுக்கு அனுப்ப மாட்டேன், ஆபீஸ்ல உக்காந்து ரிப்போர்ட் டைப் அடிங்க." மூன்று வீட்டிலும் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான், இருமுகிறவரை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்று. கணபதியில் இருந்த பெரியவர் மூக்குப்பொடி போட்டு இருமியவர். சிங்காநல்லூர் அம்மாளுக்கு ஊதுபத்திப் புகை ஆகாது. மூன்றாவது வீட்டில் இருமியது மனிதரே இல்லை, பின்கட்டில் கட்டியிருந்த நாய். நாய்க்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்ன ஆள் என்று ஆபீஸில் ஒரு வாரம் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

சுவரின் முதல் அளவை எடுத்தாயிற்று. முப்பத்தெட்டு. கையடக்கமான மிஷின், முனையில் இரண்டு ஊசி, பூச்சில் அழுத்தினால் எண் காட்டும், பதினாறுக்குள் இருந்தால் காய்ந்த சுவர். முப்பத்தெட்டு என்றால் நன்றாகக் குடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எங்கிருந்து குடிக்கிறது என்பதை இப்போது சொல்ல முடியாது. கீசரிலிருந்து இறங்கும் வெந்நீர்ப் பைப் இந்தக் குளியலறைக்கும் அந்தப் படுக்கையறைக்கும் நடுச்சுவருக்குள்தான் போகிறது. பச்சைத்தண்ணீர் ஓடும்போது சமர்த்தாக இருக்கிற மூட்டு, சூடு ஏறினதும் வாய் திறக்கும். அதனால்தான் சுட வைத்து, கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் பைப். ஏறாவிட்டால் மாடியிலிருந்து மழைத்தண்ணீர். இந்த இருபது நிமிடம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள்தான் கண்ட இடத்தில் டைல்ஸை உடைத்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். பதினோரு வருடமாக நான் காத்திருக்கிறேன். எத்தனை வீட்டுக் குளியலறை வாசல். ஓதத்தை ஜனங்கள் மறைக்கிற அழகு இருக்கிறதே, அதற்கே தனியாகச் சம்பளம் கொடுக்கலாம். சாமி காலண்டர் மாட்டுவார்கள், அந்தச் சாமியின் காலடியில் கறுப்புப் பூசணம் எட்டிப் பார்க்கும். பீரோவை நகர்த்தி வைப்பார்கள். கல்யாண போட்டோவைப் பெரிதாக்கி மாட்டுவார்கள். நான் நேரே போய் காலண்டரைத் தூக்கிப் பார்ப்பேன், வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போகும். இருக்கிற குற்றத்தைக் கண்டுபிடிக்கிறதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். "உங்க கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுங்க" என்பாள் சாந்தாமணி. என் பெண்டாட்டி. இருந்தவள். இறந்து இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது, இன்னும் வாய் தவறி 'என்பாள்' என்றுதான் வருகிறது. என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. நல்லா இருக்கு கதை.

இதோ மறுபடியும். மூன்று, ஒரு இடைவெளி, அமுக்கிய ஒன்று. சாந்தாமணிக்கு ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. ஆடிக்காற்றுக்கு எல்லாரும்தான் இருமுகிறார்கள். ஆவணியிலும் நிற்கவில்லை. துடியலூரில் எங்கள் வீடு சின்னது, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இதே மாதிரி படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் குளியலறை. ஒருநாள் அவள் கட்டில் தலைமாட்டில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் மாவு மாதிரி ஒட்டியது. மிஷினை வைத்தேன். முப்பத்தொன்று. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கண்டுபிடித்துவிட்டேன் என்று. ராத்திரியெல்லாம் பூசணக் காற்றை மூச்சில் இழுத்தால் இருமல் வராமல் என்ன வரும், எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன், குழந்தைகளுக்கு இளைப்பு வந்து சுவரைக் காயவைத்ததும் நின்றிருக்கிறது, என்னைக் கும்பிட்டவர்கள் கூட உண்டு. "ஏனுங்க, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தர்லாமா" என்று அவள் ஒருதரம் கேட்டாள். ஒரே தரம். "அட இரு, சுவர் காயட்டும். சுவர் காஞ்சா எல்லாம் சரியாயிரும்" என்றேன். பூச்சைக் கொத்தி எடுத்தேன். பைப் மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக என் கையாலேயே செய்தேன், அடுத்தவன் வீட்டுக்குச் செய்கிறதைவிட நூறு மடங்கு சுத்தமாகச் செய்தேன். வீட்டில் இருந்தது ஒரே ஒரு டேபிள் ஃபேன், அதைக் கட்டில் பக்கத்திலிருந்து எடுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன், ராத்திரி பகலாக ஓடியது. அவளை ஹாலில் படுக்கச் சொன்னேன், புரட்டாசிப் புழுக்கத்தில், காற்று இல்லாமல், பாயில். சுவருக்கு ஃபேன் போட்டேன், அவளுக்குப் போடவில்லை. இதை யாரிடமாவது சொல்ல முடியுமா? சொன்னால் என்ன பெயர் வைப்பார்கள் எனக்கு? பெண் பெங்களூரிலிருந்து போனில் கத்தினாள், வினோதினி, "அப்பா, அம்மா பேசறப்பவே மூச்சு வாங்குது, கூட்டிட்டுப் போங்கப்பா" என்று, அவளிடமும் அதையேதான் சொன்னேன். சுவர் காயட்டும் கண்ணு.

சேஃப்டி வால்வில் ஒரு சொட்டு. பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு ஏறும்போது ஒன்றிரண்டு சொட்டலாம், அது குற்றமில்லை. கதவுக்குப் பின்னால் கொக்கியில் ஒரு பெல்ட் தொங்குகிறது, அந்த ஆளுடையதுதான், கம்பெனி போட்ட துளைகளுக்கு உள்ளே இன்னும் இரண்டு துளை, ஆணி வைத்துக் குத்தினது. ஒன்று பழசு. ஒன்று இப்போதுதான் குத்தினது, விளிம்பில் தோல் பிசிறு இன்னும் நிற்கிறது. வெள்ளிங்கிரி, நீ கீசரைப் பார். சிவப்பு விளக்கைப் பார். சாந்தாமணி புடவை கட்டுகிறவள், புடவையில் துளை போட வேண்டியதில்லை, கொசுவம் இரண்டு கூட வைத்தால் போதும், எனக்கு எப்படித் தெரியும்? வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியதே, அது தெரியவில்லையா? தெரிந்தது. "இளைச்சிட்ட, இப்பத்தான் லட்சணமா இருக்கற" என்று கேலி செய்தேன். சிரித்தாள். பாவி நான். தினம் காலையில் எழுந்ததும் காய்ச்சல் பார்க்கிற மாதிரி மிஷினை எடுத்துச் சுவரில் வைப்பேன், அவள் ஹாலில் பாயைச் சுருட்டியபடியே, "எவ்வளவுங்க காட்டுது?" என்பாள். இருபத்தேழு. இருபத்திரண்டு. பத்தொன்பது. "கொறையுதே!" என்பாள், பரீட்சையில் பிள்ளை பாஸான மாதிரி. "இருமல் எப்படி இருக்குது?" என்று நான் கேட்பேன். "இப்ப பரவால்லைங்க." ஒருநாள் கூட அந்தப் பதில் மாறவில்லை. "இப்ப பரவால்லைங்க." நான் அதையும் ஒரு அளவாக எடுத்துக்கொண்டேன், மிஷின் குறைகிறது, அவளும் பரவாயில்லை என்கிறாள், இரண்டும் பொருந்துகிறது, வேறென்ன வேண்டும்? பதினான்கு வந்த அன்றைக்கு, கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, அரிசிம்பருப்புச் சாதம் செய்து நெய் விட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சுவருக்கு விருந்து என்றாள். அவள் தட்டில் இரண்டு கை சோறுதான் இருந்தது, அதையும் முடிக்கவில்லை.

இல்லை, அந்த இன்னொரு நாள். அதை நினைக்கக்கூடாது என்றுதான் நான் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன், எப்படிச் சுற்றிப் போனாலும் கால் அங்கேதான் போய் நிற்கிறது. ஐப்பசி, இதே மாதிரி வெளியே தூறல். நான் குனிந்து சுவரின் கீழ் வரியை அளந்துகொண்டிருந்தேன், அவள் பின்னாலிருந்து வந்து, "இங்க குடுங்க, நானும் பாக்கறேன்" என்று மிஷினைப் பிடுங்கினாள். விளையாட்டுப் பிள்ளை மாதிரி இரண்டு ஊசியையும் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். தொண்ணூற்றொன்பது. அதற்கு மேல் அந்த மிஷினில் எண் கிடையாது. யார் கையில் வைத்தாலும் அப்படித்தான் காட்டும், மனுஷ உடம்பே தண்ணீர்தானே. அவள் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க, செவுத்துல ஒண்ணுமில்ல. மிஷினு என்னையத்தான் காட்டுது." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "கொண்டா இங்க, பேட்டரி தீந்துரும்" என்று வாங்கி மறுபடி சுவரில் வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், எனக்கு அது முதுகில் தெரிந்தது, நான் திரும்பவில்லை, கீழ் வரி இன்னும் இருபத்தொன்றில் இருக்கிறதே என்ற கவலை எனக்கு. சொல்லிவிட்டாள். என் முகத்துக்கு நேரே, எனக்குப் புரிகிற ஒரே பாஷையில், எண் போட்டுச் சொன்னாள். அதைவிட ஒரு பெண்டாட்டி என்ன செய்ய முடியும்?

மார்கழியில் படியேற முடியாமல் உட்கார்ந்துவிட்ட பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளவயசு டாக்டர், படத்தை வெளிச்சத்தில் வைத்து, "வலது பக்கம் நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்குது" என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எங்கிருந்துங்க கசியுது?" என்று கேட்டேன். எட்டு வருடம் இந்த வேலையில் பழகின வாய், அது பாட்டுக்குக் கேட்டுவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கிண்டல் செய்கிறேனோ என்று. அப்புறம் மெதுவாக, "அதைத்தாங்க பாக்கணும்" என்றார். முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்ணீர் ஒன்றரை லிட்டர். பாட்டிலில் பார்த்தேன், டீ நிறம். எடுத்தார்கள், ஒரு வாரத்தில் மறுபடி கோத்தது. எடுத்தார்கள், கோத்தது. நீருக்கு மூலமான நோய் உள்ளே வேறே இருந்தது, ஆறு மாதமாகவாவது இருந்திருக்கும் என்றார் டாக்டர், ஆடியிலேயே வந்திருந்தால் என்று ஏதோ ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வினோதினி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தரையைப் பார்த்தபடியே கேட்டாள். "சுவர் காஞ்சிருச்சாப்பா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை, வாரம் தவறாமல் போன் செய்கிறாள், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வைக்கட்டுமா. பங்குனி பதினெட்டாம் தேதி சாந்தாமணி போனாள். சுவர் அன்றைக்கு பன்னிரண்டு. ஆமாம், அளந்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஹாலில் இருக்க, நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அளந்தேன். பன்னிரண்டு. எங்கள் வட்டாரத்திலேயே அவ்வளவு காய்ந்த சுவர் வேறு யார் வீட்டிலும் இருக்காது.

ஸ்டூலிலிருந்து எழுந்து, கீசருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் கையை விட்டுத் துழாவினேன். தூசி, ஒரு செத்த பல்லி. வேறொன்றும் இல்லை. இது வேலையில் சேர்ந்தது இல்லை, எந்தத் தாளிலும் எழுதியிருக்காது, இரண்டு வருடமாக எந்த வீட்டுக்குப் போனாலும் என் கை தானாக அங்கே போகிறது. சித்திரையில், அவள் போன அடுத்த மாதம், எங்கள் வீட்டுக் கீசர் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அது ஒரு வருடமாகவே ஒழுகிக்கொண்டுதான் இருந்தது, "ஏனுங்க, ஊருல இருக்கற கீசரையெல்லாம் பாக்கறீங்க, நம்முளுது கண்ணுக்குத் தெரியாதா" என்று அவள் கேலி பேசிக்கொண்டே இருந்தாள், நான் நாளைக்கு நாளைக்கு என்றேன். ஆள் போன பிறகு உட்கார்ந்து கழற்றினேன். பின்பக்கம் இடுக்கில் ஏதோ துணி அடைத்திருந்தது. எலி கூடு கட்டியிருக்கிறது என்று நினைத்துத்தான் இழுத்தேன். என் பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள். நாலாக மடித்து, சூட்டில் காய்ந்து, அட்டை மாதிரி விறைத்து, மொத்தம் ஏழு. ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறத்தில் கறை. கசக்கிப் பிழிந்தும் போகாத கறை. இருமும்போது வாயில் வைத்துக்கொண்டது. ரத்தம். ஆடியிலிருந்தா, ஆவணியிலிருந்தா, யாருக்குத் தெரியும். அந்த வீட்டில் நான் எட்டிப் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அங்கே கொண்டுபோய் ஒளித்திருக்கிறாள். காலண்டரைத் தூக்கிப் பார்க்கிறவன், பீரோவை நகர்த்திப் பார்க்கிறவன், தன் வீட்டுக் கீசருக்குப் பின்னால் பார்க்கமாட்டான் என்று என்னை எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். குளியலறைத் தரையில் உட்கார்ந்து அந்த ஏழு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஏன்டி சொல்லவில்லை? பயமா? என் மேல் கோபமா? சொல்லியும் நான் சிரித்ததாலா? எதற்காக தினமும் பரவாயில்லை பரவாயில்லை என்றாய்? இதுதான் என்னைத் தின்கிற கேள்வி, வேறெதுவும் இல்லை, செத்துப்போனதைக்கூட ஒருநாள் பொறுத்துக்கொள்வேன் போலிருக்கிறது, இந்த ஒன்றைப் பொறுக்க முடியவில்லை.

"டீ எடுத்துக்குங்கண்ணா." ஹேமலதா டம்ளரோடு நிற்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும், ஸ்கூல் டீச்சர் போலிருக்கிறது, விரலில் சாக்பீஸ் வெள்ளை. உள்ளே பார்த்து, "ஏனுங்க, நீங்களும் வந்து குடிங்க, சூடா இருக்குது" என்று கூப்பிட்டாள். அவன் வந்தான். நந்தகோபால் என்றாள், மோட்டார் கம்பெனியில் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவராம். சட்டை அவனுடையதுதான், ஆனால் அண்ணனுடையதை வாங்கிப் போட்ட மாதிரி இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ரெண்டு மாசமா இதே ரோதனைங்கண்ணா," அவள்தான் பேசினாள், "செவுத்தோட ஓதம் இவருக்கு ஆகறதேயில்ல. நான் ஒரு வீடியோவுல பாத்தேன், பூசணம் நெஞ்சுல போய் ஒட்டிக்குமாம். ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் உங்க கம்பெனிக்குப் போன் பண்ணினேன். கட்டிலைக்கூட ஹாலுக்கு மாத்திட்டோம், இவருதான் உள்ள போய்ப் போய்ப் படுத்துக்கறாரு." "இருமல் எப்படிங்க இருக்குது?" என்று அவனைக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டேன். "இப்ப பரவால்லைங்க" என்றான். அதே வார்த்தை, அதே இழுவை. ஆனால் நான் பார்த்தது வார்த்தையை இல்லை, அவன் கண்ணை. கேட்டது நான், பதில் சொன்னது எனக்கு, பார்த்தது அவளை. ஓரக்கண்ணால், சட்டென்று, அவள் நம்பிவிட்டாளா என்று. அவள் நம்பினாள். முகம் மலர்ந்துவிட்டது அந்தப் பெண்ணுக்கு. அதைப் பார்த்துவிட்டு அவன் நிம்மதியாக டீயைக் குடித்தான். இவ்வளவுதானா? இதற்காகத்தானா சாந்தாமணி? பதினெட்டு, பதினேழு என்று நான் சுவர் முன்னால் குதித்துக்கொண்டிருந்ததைக் கெடுக்க மனசில்லாமல்தானா? நீயும் இப்படித்தான் தினமும் என் முகத்தைப் பார்த்திருப்பாய், நம்பிவிட்டேனா என்று. நான் அப்போது மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு விளக்கு அணைந்தது. தெர்மோஸ்டாட் சரியாக இருக்கிறது. குழாயைத் திறந்து வெந்நீரை ஓடவிட்டேன், குளியலறை முழுக்க ஆவி. ஐந்து நிமிடம் கழித்துப் படுக்கையறைக்குப் போய் அதே இடத்தில் ஊசியை வைத்தேன். முப்பத்தெட்டாக இருந்தது நாற்பத்தாறு. பைப்தான், மூட்டில் கசிவு. ஹேமலதா என் தோளுக்குப் பின்னாலிருந்து எண்ணைப் பார்த்துவிட்டாள். "பாத்தீங்களா, நான் சொன்னேனில்ல!" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள், அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரிந்த சந்தோஷம், முப்பத்தொன்று என்று கண்டபோது எனக்கு வந்ததே, அதேதான். அப்புறம் என்னிடம் திரும்பி, "இதைச் சரி பண்ணிட்டா இருமல் நின்னுருமில்லீங்கண்ணா?" என்றாள். வெள்ளிங்கிரி, நாயை நினைத்துக்கொள். மூக்குப்பொடியை நினைத்துக்கொள். மூன்று தடவையும் நீ சொன்னது தப்பு. இதுவும் வெறும் இருமலாக இருக்கலாம், பூசணம் ஒத்துக்கொள்ளாத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போ. ஆபீஸில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டு, மாலையானால் அந்தப் பன்னிரண்டு காட்டுகிற சுவருக்குப் பக்கத்தில் போய் உட்காரப் போகிறாயா? வெளியே வந்து நாலு வீடு ஏறி இறங்குகிறதால்தான் நீ உயிரோடு இருக்கிறாய். வாயை மூடு.

"நிக்காதுங்க" என்றேன். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. "செவுரு வேற, நெஞ்சு வேறங்க. செவுரு எங்கயும் ஓடிப்போகாது, ஒரு மாசம் கழிச்சுக்கூட ஒடைச்சுக்கலாம். இவரை இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருங்க." அவளுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் கோபம் வந்தது. "என்னங்கண்ணா, வந்த எடத்துல அபசகுனமாப் பேசறீங்க? உங்களைச் செவுரு பாக்கத்தான கூப்பிட்டோம்?" எனக்கும் குரல் ஏறிவிட்டது. "எங்க ஊட்டுலயும் இதேதாம்மா. எங்க ஊட்டுக்காரிக்கும் இருமல். நானும் செவுத்தைத்தான் பாத்துட்டு நின்னேன்." அவள் ரிப்போர்ட்டைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள், பேனா தாளைக் கிழித்தது. "உங்க கம்பெனிக்கு இப்பவே பேசறனுங்க" என்று போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

கீழே வண்டியைத் திருப்பி, மழைக்கோட்டின் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது மேலே படியில் சத்தம் கேட்டது. நாலு படி, இருமல். நாலு படி, இருமல். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு நந்தகோபால் இறங்கி வந்தான். கையில் என் மிஷின். ஹால் கட்டில் மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பிடிக்கத் தெரியாமல் ஊசிப் பக்கத்தை உள்ளங்கைக்குள் வைத்துப் பிடித்திருந்தான், திரையில் தொண்ணூற்றொன்பது எரிந்துகொண்டிருந்தது. நீட்டினான். வாங்கிக்கொண்டேன், அணைக்கவில்லை. அவன் போகவில்லை. ஒருதரம் மேலே மாடியை அண்ணாந்து பார்த்தான், ஜன்னலில் யாரும் இல்லை. "ரெண்டு வாரமா ரத்தம் வருதுங்கண்ணா" என்றான், நேரம் என்ன என்று சொல்கிற மாதிரி, சாதாரணமாக. "அவகிட்ட சொல்லல. பயந்துருவா." நான் தலையாட்டினேன். தூறல் அவன் தலையில் விழுந்துகொண்டிருந்தது, உள்ளே தள்ளி நிற்கச் சொன்னேன், நின்றான். "உங்க ஊட்டுக்காரம்மாவுக்கும் இப்படித்தான்னு சொன்னீங்களே," என்று கேட்டான், "அவங்களுக்கும் ரத்தம் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனமுங்க. தெரிஞ்ச அன்னைக்கே கூட்டிட்டுப் போயிட்டேன்."

அவன் எச்சில் விழுங்கினான். கேட்க வந்த கேள்வி அதில்லை, இனிமேல்தான் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. "இப்ப எப்படிங்கண்ணா இருக்காங்க?"

"இப்ப பரவால்லைங்க" என்றேன். சொல்லிவிட்டு, நம்பிவிட்டானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன்.